பழைய செங்கல் வீட்டில் ஓய்வுக்காலம்: முழு வீட்டையும் சரிசெய்ய வேண்டாம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் 1930களில் கட்டிய பூர்வீக வீடு. அகலம் 18 அடி, வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரை 110 அடி. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை. முற்றத்தைச் சுற்றியும் பின்கட்டிலும் ஓடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். கேட்டவர் சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவிக்கு முழங்கால் வலி, பிள்ளைகள் வெளியூரில். "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இதையே சரிசெய்து குடிபோவதா? சரிசெய்வதென்றால் எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

சரிசெய்யுங்கள் சார். ஆனால் முழு வீட்டையும் சரிசெய்யப் போகாதீர்கள்.

பத்துப் பதினைந்து பேர் இருந்த குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. நீங்கள் இருக்கப்போவது இரண்டு பேர். முன்கட்டில் படுக்கை, பின்கட்டில் சமையல், கொல்லையில் கழிப்பறை என்று பழைய அமைப்பிலேயே இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போக நாலு நிலைப்படி தாண்டி, முற்றத்து ஓரமாக நடந்து, கொல்லைப் படி இறங்க வேண்டும். வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ள இந்த மாதிரி வழி போதும். அதனால் 110 அடியில் ஒரு நாற்பது அடியை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடம், அதை ஒட்டிய ஓர் அறை, அந்த அறையை ஒட்டியே குளியலறையும் கழிப்பறையும், பக்கத்தில் ஒரு சின்னச் சமையலறை. பணத்தில் முக்கால்வாசி இந்த நாற்பது அடிக்குப் போகட்டும். மிச்ச வீடு ஒழுகாமல், கரையான் ஏறாமல், பூட்டு போடும்படி இருந்தால் போதும். பிள்ளைகள் பொங்கலுக்கு வரும்போது கூட்டித் துடைத்துக்கொள்ளலாம்.

இடித்துக் கட்டுவதைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் உங்களிடம் பேசும் காண்ட்ராக்டர்களில் பாதிப்பேர் அதைத்தான் சொல்வார்கள். இடித்துக் கட்டினால் அவர்களுக்கு வேலை பெரியது, கணக்கும் சுலபம். தேக்குத் தூணும் உத்திரமும் வாசக்காலும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் என்ன விலை போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பொதுச்சுவர் உள்ள வீட்டை இடிப்பது இன்னொரு தலைவலி. உங்கள் பக்கம் இடிக்கும்போது பக்கத்து வீட்டு உத்திரம் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அவர்கள் சுவரில் ஒரு விரிசல் விழுந்தால், நீங்கள் நிம்மதியாக இருக்க வந்த ஊரில் வழக்கோடு இருக்க வேண்டும்.

இடித்தே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால், அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை ஏறும் விரிசல் வருடா வருடம் விரிந்தால், உத்திரங்கள் பல இடத்தில் தொய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். விரிசல் நகர்கிறதா, பழைய விரிசல்தானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்த பிறகும் கண்ணாடி முழுசாக இருந்தால் அந்த விரிசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உடைந்திருந்தால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

தெரு மட்டமும் முக்கியம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, பல தெருக்களில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. உங்கள் தரை தெருவைவிடக் கீழே இருந்தால் தண்ணீரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டைதான். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே என்று கேட்பீர்கள். தனியாக நிற்கும் வீட்டுக்கு அது சரி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீட்டுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். உங்கள் திண்ணை இன்னும் தெருவுக்கு இரண்டரை அடி மேலே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல காலம்.

இனி சுவர். உங்கள் வீட்டுச் செங்கல் இப்போதைய செங்கல்லைவிட மெல்லியதாக இருக்கும், சுவர் ஒன்றரை அடி கனம் வரும், சாந்து சுண்ணாம்பு. அந்தச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சு வழியாக வெளியே விடும். இத்தனை வருடம் அது நின்றதே அப்படித்தான். இதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். உப்பு பூத்து, சிமெண்ட் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) தெரியக்கூடாது என்று கூடத்துச் சுவரில் நாலு அடிக்கு டைல்ஸ் ஒட்டுவது நம் ஊரில் பெரிய வழக்கமாகிவிட்டது. ஒட்டின மறு வருடமே டைல்ஸுக்கு மேலே, அஞ்சாவது அடியில் ஓதம் தெரியும். டைல்ஸ் கடைக்காரருக்கு லாபம், சுவருக்கு நஷ்டம்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: கொல்லைக் கிணற்றடித் தண்ணீரா, முற்றத்துச் சாக்கடை அடைப்பா, உடைந்த மழைநீர்க் குழாயா. பாதி ஓதம் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு ஓதக்கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை பூச்சை உரித்துவிட்டு, சுவரைச் சும்மா விடுங்கள். ஒன்றரை அடிச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். கோடை முழுக்க விட்டாலும் தகும். காய்ந்ததும் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், அதுவும் மூடி போட்ட மாதிரிதான். எந்தப் பூச்சை உரிக்க வேண்டும், எதை விடலாம் என்பதற்குச் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் உரியுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். காரைக்குடிப் பக்கமும் புதுச்சேரியிலும் இன்னும் இருக்கிறார்கள். வருபவரிடம் "சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைப்பீர்கள்? கடுக்காய், வெல்லம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், கொஞ்சம் சிமெண்ட் கலந்தா நல்லா பிடிக்கும்" என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கூரைக்கு வருவோம். மெட்ராஸ் டெரஸில் கீழே தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்ன டெரஸ் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய படுகை, உச்சியில் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு. ஒழுகினால் எல்லோரும் சொல்லும் வைத்தியம், "மேலே ஒரு மூணு இஞ்ச் கான்கிரீட் போட்டுடலாம்". கணக்குப் போடுங்கள். மூன்று அங்குல கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. உங்கள் முன்கட்டு 18க்கு 20 என்றால் 360 சதுர அடி. ஆறு டன் பாரத்தைத் தொண்ணூறு வருடத்துக் கட்டைகள் மேல் ஏற்றுகிறீர்கள். அதற்குப் பதில் ஒழுகும் இடத்தில் தட்டோட்டை எடுத்து, இற்றுப்போன படுகையைச் சுரண்டி, சுண்ணாம்பிலேயே திரும்பப் போடுங்கள். தண்ணீர் ஓடும் வாட்டத்தைச் சரிசெய்து, தூம்புகளில் (மழைத்தண்ணீர் வெளியேறும் துளைகளில்) அடைத்த சருகை எடுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரைத் தோண்டி எடுக்க வேண்டும்.

கட்டை நன்றாக இருக்கிறதா என்று நடுவில் தட்டிப் பார்த்துப் பிரயோசனமில்லை. உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போகாமல் நின்றால் சரி. மாவு மாதிரி இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றலாம், அல்லது சுவரோரமாக இரும்பு சேனல் கொடுத்துத் தாங்கலாம். நீங்கள் ஏற வேண்டாம், ஆசாரியை ஏறச் சொல்லுங்கள்.

ஓட்டுப் பகுதியில் என் கருத்து கொஞ்சம் முரட்டுத்தனமானது. நாட்டு ஓட்டைச் சில வருடத்துக்கு ஒரு முறை பிரித்து மேய வேண்டும், ஆள் கிடைப்பதில்லை, கும்பகோணத்துக் குரங்குகள் நடுவில் ஒரு முறை பிரித்துவிடும். எழுபத்தைந்து வயதில் ஓடு மேய ஆள் தேடி அலைவது ஓய்வுக்கால வேலை இல்லை. நீங்கள் இருக்கப்போகும் நாற்பது அடிக்கு மட்டும் சட்டம், ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டம்) எல்லாம் சரிபார்த்து, கீழே அலுமினியத் தகடு, மேலே மங்களூர் ஓடு என்று மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று கண்ணாடி ஓடும் சேர்த்துப் போட்டு, அந்த இடத்தில் மட்டும் தகட்டைத் திறந்துவிட்டால் பகலில் விளக்கு வேண்டாம். பின்கட்டை அப்படியே விடுங்கள்.

இப்போது குளியலறை. பணம் பற்றாக்குறை வந்தால் மற்றதையெல்லாம் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். கூடத்தை ஒட்டிச் சாமான் வைக்கும் உக்கிராண அறை இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளலாம். எட்டடிக்கு ஆறடி கிடைத்தால் நல்லது. சக்கர நாற்காலி திரும்ப அஞ்சடி வட்டம் வேண்டும். இன்றைக்குத் தேவையில்லாவிட்டாலும் பத்து வருடம் கழித்து யாருக்கு என்ன என்று நமக்குத் தெரியாது. கதவு திறந்தால் மூன்றடி அகலம் தாராளமாகக் கிடைக்க வேண்டும். கதவு வெளியே திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே திறக்கும் கதவென்றால், விழுந்தவர் கதவோடு சேர்ந்து கிடப்பார், வெளியே இருப்பவர் தள்ளித் திறக்க முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசு வைத்துத் திருகித் திறக்கும் வகையாக இருக்கட்டும்.

கழிவு எங்கே போகும் என்பதை முதலிலேயே பாருங்கள். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி வாட்டம் கொடுங்கள். உங்கள் வீட்டு நடுவிலிருந்து தெருச் சாக்கடை இணைப்பு வரை ஐம்பது அடி என்றால் ஒன்றேகால் அடி இறக்கம் வேண்டும். இரண்டரை அடி உயரத் தளத்தில் அது கிடைக்கும். ஆனால் சேம்பர் (குழாய் அடைப்பை எடுக்கும் தொட்டி) மூடி கூடத்து நடுவிலோ ரேழியிலோ (வாசலிலிருந்து உள்ளே போகும் நடையிலோ) வராமல் குழாயின் பாதையை வரைந்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தொட வேண்டும்.

கைப்பிடிக் கம்பி மாட்டுவதில் பழைய வீட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கடையில் வாங்கும் ஸ்டீல் கம்பியோடு நாலு ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் கட்டையும் வரும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் அதை முடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும். அறுபது எழுபது கிலோ ஆள் வழுக்கும்போது பிடித்து இழுத்தால் சாந்தோடு கையில் வந்துவிடும். சுவரை முழுக்கத் துளைத்து, நீள போல்ட் விட்டு, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கச் சொல்லுங்கள். மறுபக்கம் பொதுச்சுவர் என்றால் அது முடியாது. அங்கே தரையிலிருந்து எழும்பும் கம்பி, அல்லது உள்ளே சிமெண்டில் ஒரு புதுச்சுவர் எழுப்பி அதில் மாட்டலாம். கம்பி கை முழுசாகப் பிடிக்கும் பருமனில், ஒன்றரை அங்குலம் இருந்தால் சரி. கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. மாட்டின அன்றைக்குக் கொத்தனாரையே தொங்கச் சொல்லிப் பாருங்கள். டவல் ஸ்டாண்டைக் கைப்பிடியாக நினைத்து விழுந்தவர்கள் நிறையப் பேர்.

வெஸ்டர்ன் டாய்லெட் உட்காரும் உயரம் 18 அங்குலம் இருக்கட்டும். சாதாரணமாக வருவது இதைவிடத் தாழ்வு, முழங்கால் வலிக்கு அது ஆகாது. குளிக்க ஒரு நாற்காலி, எட்டும் உயரத்தில் கைக்குழாய். குளியலறை வாசலில் தடுப்புக் கட்டை வேண்டாம். தரையை அரை அங்குலம் இறக்கி, வாட்டத்தைத் தூரச் சுவர்ப் பக்கம் கொடுத்தால் தண்ணீர் வெளியே வராது. டைல்ஸ் மேட் ஃபினிஷ். கடையில் அதன்மேல் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

கூடத்துச் சிவப்புக் காவித் தரையைப் பெயர்க்காதீர்கள். காய்ந்திருக்கும்வரை அதைவிட நல்ல தரை கிடையாது, கோடையில் காலுக்குக் குளிர்ச்சி. முற்றத்து ஓரத்தில் சாரல் அடிக்கும் மூன்றடிக்கு மட்டும் சொரசொரப்பான கல் போடுங்கள், வேறு நிறத்தில். மங்கலான வெளிச்சத்தில் தாழ்வாரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட்டால் மூடிவிடலாம் என்பார்கள். மூடினால் வீட்டின் சூடு வெளியேற வழியில்லாமல் போய்விடும். குரங்குக்கும் திருடனுக்கும் கிரில், கொசுவுக்கு வலை. அப்படியும் ஷீட் வேண்டுமென்றால் கிரில்லுக்கு இரண்டடி மேலே தூக்கிப் போடுங்கள், நாலு பக்கமும் காற்று போகட்டும்.

நிலைப்படி விஷயத்தில் வீட்டில் பேச்சு வரும். உள்ளறை நிலைகளின் அடிக்கட்டையை அறுத்துவிடுங்கள் என்பேன். நாலு அங்குல உயரக் கட்டையைச் சரிவுப் பலகை வைத்துச் சமாளிக்க, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இரண்டு பக்கமும் நாலு நாலு அடிப் பலகை வேண்டும்; அறைக்குள் அதற்கு இடமில்லை. அறுத்த பிறகு நிலைக்கால் இரண்டும் அகலாமல் தரையில் கிளாம்ப் வைத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வாசல் நிலைப்படி மட்டும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் கோலம் போடும் படியை அறுக்கச் சொல்லி எந்த வீட்டம்மாவிடமும் நான் பேசியதில்லை. அங்கே பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி போதும்.

தெருவாசலில் சாய்தளம் கட்டலாமா என்றால், அதே கணக்கில் இரண்டரை அடி உயரத்துக்கு முப்பது அடி நீளம் வேண்டும். தெருவில் இடம் கிடையாது. செங்குத்தான பழைய மூன்று படியை அஞ்சு படியாக்கி, ஒவ்வொன்றும் ஆறங்குல உயரம், ஓரடி அகலம், இரண்டு பக்கமும் பிடி என்று வையுங்கள். கொல்லைப் பக்கம் சந்து இருந்தால் சாய்தளத்தை அங்கே கட்டலாம். 108 வண்டியின் ஸ்ட்ரெச்சர் ரேழித் திருப்பத்தில் திரும்புமா என்பதையும் ஒரு தடவை டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் அது அடிக்கடி மாட்டும்.

மின்சாரத்தில் பேரமே இல்லை. மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங் முழுவதையும் கழற்றி எறியுங்கள். புதிதாக எர்த் குழி, மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சுவரில் குறுக்கே காடி வெட்டி வயரைப் புதைக்க விடாதீர்கள், சுண்ணாம்புச் சுவர் அந்த இடத்தில் பலவீனமாகும். சுவருக்கு மேலேயே நேர்க்கோட்டில் பைப் ஓடினால் ஒன்றும் அசிங்கமில்லை. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையோரமாக, ஆள் நடந்தால் தானே எரியும் சின்ன விளக்குகள், படுக்கைப் பக்கத்தில் டூ-வே சுவிட்ச். இன்வெர்ட்டர் இணைப்பில் இந்த வழி விளக்குகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

சமையலறைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடை உங்கள் மனைவியின் முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, அடியில் ஓரிடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து காய் நறுக்க இடைவெளி. பரண் வேண்டவே வேண்டாம். பரண் இருந்தால் யாராவது ஏறுவார்கள்.

வேலை தொடங்கும் முன் காகிதங்கள். கோயில் ஊர்களில் பல தெருக்களில் வீடு நமது, அடிமனை கோயிலுடையது அல்லது மடத்துடையது. உங்கள் பத்திரத்தில் மனை யார் பேரில் இருக்கிறது, பங்காளிகளின் பாகப்பிரிவினை பதிவாகியிருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இதைப் படிக்கும் தாராசுரத்துக்காரர்களுக்கும் தஞ்சைப் பெரிய கோயில் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட முடியாது, அதற்கடுத்த 200 மீட்டரிலும் அனுமதி வேண்டும். 100 மீட்டருக்குள் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். இடித்துவிட்டால் திரும்பக் கட்ட விடமாட்டார்கள், மனை மட்டும்தான் மிஞ்சும்.

காலக்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரமாவது அந்த வீட்டில் தங்குங்கள். எங்கே சொட்டுகிறது, ஓதம் எந்த உயரம் வரை நிற்கிறது என்று பென்சிலால் சுவரிலேயே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மார்கழியில் காகித வேலை, எஸ்டிமேட். தை பிறந்ததும் முதலில் சாக்கடை, குழாய், பூச்சு உரிப்பு. பங்குனி, சித்திரையில் கூரை. சுவர் காய்ந்த பிறகு வைகாசி, ஆனியில் சுண்ணாம்புப் பூச்சும் வயரிங்கும் குளியலறையும். ஆவணியில் குடிபோகலாம். ஒட்டுமொத்த காண்ட்ராக்ட் விடாமல் கூரை, சுவர், குளியலறை என்று தனித்தனியாக விடுங்கள். எஸ்டிமேட்டுக்கு மேல் அஞ்சில் ஒரு பங்கு கையில் வைத்திருங்கள். பழைய வீட்டில் ஒரு கட்டையைக் கழற்றும்போது இன்னொரு செலவு வெளியே வரும். பழைய மரம் எது கழன்றாலும் அதே நாளில் எண்ணி, எழுதி, உள்ளறையில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.